வாங்கும் முன் ஒரு வார்த்தை: லேப்டாப்பை முறைக்காத டிஜே

போன முறை, மேடையில் லேப்டாப்பை முறைத்துக்கொண்டே பாட்டு போடும் டிஜேக்களைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டியவர்களுக்கு வணக்கம், கேட்டவர்களுக்குப் பதில். கடிதங்களை வெட்டித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர், தான் பாட்டு போட்ட ஒவ்வொரு விருந்தையும் தேதிவாரியாக எழுதி அனுப்பியிருந்தார்.

கே: இரண்டு வருடமாக, லேப்டாப்போடு இணைத்துப் பாட்டை ஓட்டும் சின்ன கன்ட்ரோலர் ஒன்றை வைத்து வாசிக்கிறேன். நண்பன் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நான் தலை நிமிர்ந்தது நான்கே முறை. கணக்கு எழுதுகிறவன் மாதிரி இருக்கிறேன். லேப்டாப்பே தேவைப்படாத மெஷினுக்கு மாறினால் தீருமா?

ப: உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. செராட்டோ என்ற டிஜே மென்பொருளின் பெயரால் 'செராட்டோ முகம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கீழேயிருந்து நீல வெளிச்சம் அடிக்க, வாய் லேசாகத் திறந்து, கண் மட்டும் இடமும் வலமும் ஓடுகிற முகம்.

மாறலாம். டெனான் பிரைம் 4, பயனியர் எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 போன்றவற்றில் பென்டிரைவைச் செருகினால் போதும், லேப்டாப் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அவை இரண்டிலும் நட்டநடுவில் 10 அங்குல அளவில் ஒரு திரை இருக்கிறது. பாட்டின் சத்தத்தை வரைந்து காட்டுகிற, லேப்டாப்பில் ஓடிய அதே அலைக்கோடு அங்கேயும் ஓடும். பெரிய தொகையைக் கொட்டி, முறைப்பதற்கு வேறு இடம் வாங்கியவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன்.

முதலில், எதற்காகத் திரையைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். இரண்டு பாட்டின் தாளமும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்தால், அது காதின் வேலை. பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பார்த்தால், அது எண்ணிக்கை: நடன இசை பெரும்பாலும் 32 பீட்டுக்கு ஒருமுறை திருப்பம் எடுக்கும். 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 பீட் அடிக்கும் பாட்டில் 32 பீட் என்பது சரியாக 15 விநாடி. அடுத்து எதைப் போடுவது என்று தேடினால், அது முந்தின நாள் உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய வேலை. 4,000 பாட்டை மேடையில் உருட்டிக்கொண்டிருப்பவரை எந்த மெஷினும் காப்பாற்றாது.

நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய நோட்டு அட்டையை வெட்டி, திரையில் அலைக்கோடு ஓடும் இடத்தை மட்டும் மறைத்து ஒட்டினேன். லேப்டாப்பை எதிரிலிருந்து எடுத்து இடது முழங்கைப் பக்கம் தள்ளி வைத்தேன். தாளத்தைத் தானாகச் சேர்த்துவிடும் ஸிங்க் பட்டனைத் தொடுவதில்லை என்று முடிவு. முதல் நாள் இரண்டு கிக் டிரம்மும், மாடிப்படியில் இரண்டு பேர் செருப்போடு இறங்குகிற மாதிரி தட-தட்ட-தட என்று அடித்துக்கொண்டன. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்றே புரியவில்லை. பாட்டை முன்னும் பின்னும் தள்ளும் வட்டத் தட்டான ஜாக் வீலின் விளிம்பை விரல் நுனியால் லேசாகத் தள்ளினேன், இன்னும் மோசமானது. பிடித்து இழுத்தேன். இரண்டு சத்தமும் நெருங்கி, நெருங்கி, ஒரே அடியாக விழுந்தது. பத்தாவது நாள் அட்டை தானாகவே பெயர்ந்து விழுந்தது. திரும்ப ஒட்டத் தோன்றவில்லை.

ஒரு மாதம் அட்டையோடு வாசியுங்கள். அதற்குப் பிறகும் மெஷின் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். அப்போது வாங்குகிற நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள்.

கே: சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் ஃபேடர் கரகரக்கிறது. டபிள்யூடி-40 அடிக்கலாமா?

ப: கதவுக் கீலுக்கு அடியுங்கள். ஃபேடருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் இருக்கிறது.

கே: "லேப்டாப் வேண்டாம், ஸ்டாண்ட்அலோன் மெஷின்" என்று சொல்லித்தான் பழையது ஒன்றை விற்றார். வீட்டுக்கு வந்து பென்டிரைவோடு உட்கார்ந்தால், அதைச் செருகவே இடம் இல்லை. விளக்கு எரிகிறது, மைக் வேலை செய்கிறது, பாட்டு வரவில்லை. கேட்டால், "ஸ்டாண்ட்அலோன்தானே, மைக் வருகிறதே" என்கிறார். என் மேல்தான் தவறா?

ப: இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் உங்களை மடக்கியிருக்கிறார், தெரிந்தே செய்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றவர்களுக்காகப் பிரித்துச் சொல்கிறேன். வெறும் கன்ட்ரோலர் என்பது லேப்டாப்புக்கு ஒரு பெரிய கீபோர்டு. பாட்டு அதற்குள் இல்லை, நீங்கள் பட்டனை அமுக்கினீர்கள் என்ற செய்தி மட்டும் கேபிள் வழியாகப் போகிறது. இரண்டாவது வகையில் கன்ட்ரோலரோடு நிஜமான மிக்ஸரும் சேர்ந்திருக்கும். லேப்டாப் இல்லாமலே மைக்கையும், வெளியிலிருந்து இணைக்கும் டெக்கையும் (பாட்டு ஓடும் தனிக் கருவியையும்) அது கலக்கிக் கொடுக்கும். இதைத்தான் விவரக்குறிப்பில் 'ஸ்டாண்ட்அலோன் மிக்ஸர்' என்று போடுவார்கள். மூன்றாவதுதான் உங்களுக்குத் தேவைப்பட்டது, பென்டிரைவிலிருந்து தானே பாட்டைப் படிக்கும் மெஷின். இரண்டாவதை மூன்றாவது என்று சொல்லி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

அவர் "லேப்டாப் வேண்டாம்" என்று எழுதிய செய்தி உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். பழைய பொருள் என்பதற்காகப் பொய் சொல்லி விற்க உரிமை வந்துவிடாது. இனி வாங்குகிறவர்கள் எதையும் விசாரிக்க வேண்டாம். உங்கள் பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், அவர் லேப்டாப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு பாட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கே: விளம்பர வீடியோ பார்த்துவிட்டு நள்ளிரவில் ஆர்டர் போட்டேன். இப்போது ஹெட்ஃபோனில் அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்க முடியவில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டதா?

ப: கம்பெனி விவரக்குறிப்பில் எழுதித்தான் வைத்திருக்கிறது. நீங்கள் படிக்கவில்லை.

கூட்டத்துக்கு ஒரு ஸ்டீரியோ, உங்கள் காதுக்கு ஒரு ஸ்டீரியோ, ஆக நான்கு சேனல் வெளியே போக வேண்டும். அதற்குக் கன்ட்ரோலருக்குள் சவுண்டு கார்டு வேண்டும். விலை குறைந்த சிலவற்றில் அது கிடையாது. லேப்டாப்பின் ஒரே ஹெட்ஃபோன் துளையை ஒரு ஸ்பிளிட்டர் கேபிளால் இரண்டாகப் பிளந்து, இடது பக்கம் கூட்டத்துக்கு, வலது பக்கம் உங்களுக்கு என்று கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மோனோ. பழகுவதற்குப் போதும். திரையைப் பார்க்காமல் வாசிக்க நினைப்பவர் ஹெட்ஃபோனை நம்பித்தான் வாசிக்க வேண்டும் என்பதால், உங்களுக்கு இது அறவே ஆகாது. திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றைக்கே அனுப்புங்கள். நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டாம்.

கே: பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கன்ட்ரோலர். ஒரு கீறல் இல்லை, ஒரு பட்டன் சாகவில்லை. லேப்டாப் மாற்றினேன், புது லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தயாரித்த கம்பெனியும் மூடிவிட்டது. தூக்கிப் போடுவதா?

ப: பொறுங்கள், போடாதீர்கள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மற்றவர்கள் வேண்டுமானால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள், இது நீளும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற, இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் 1979ல் வந்தது. அன்று வாங்கியதை இன்றும் வைத்து வாசிக்கிறார்கள். ஊசி மாற்றினால் போதும். அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நாம் வாங்கும் கன்ட்ரோலர் அப்படி இல்லை. அது பாதிப் பொருள். மீதிப் பாதி, கருவியை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளிலும் டிஜே மென்பொருளிலும் இருக்கிறது. அந்தப் பாதியின் ஆயுள் என்ன என்று எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. மருந்துக்கும் ரொட்டிக்கும் தேதி போடச் சொல்கிறோம், இதற்குப் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

வெஸ்டாக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் விசிஐ-100 ஒரு காலத்தில் கன்ட்ரோலர் வைத்திருந்தவர்கள் பொறாமைப்பட்ட பொருள். 2014ல் நிறுவனம் திவாலானது. இரும்பு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, டிரைவர் தேவைப்பட்ட அதன் மாடல்களுக்குப் புதிதாக எழுத ஆள் இல்லை. கம்பெனி உயிரோடு இருந்தாலும் தப்பிக்க முடியாது. 2019ல் வந்த ஆப்பிளின் மேக் இயங்குதளமான கேட்டலினா, பழைய வகையான 32-பிட் மென்பொருள் எதையும் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டது. அதே பதிப்பில் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸும் போய்விட, பாட்டுப் பட்டியலை அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த டிஜே மென்பொருள்கள் விழித்துக்கொண்டு நின்றன. யோசிக்காமல் அப்டேட்டை அமுக்கியவர்களில் அடியேனும் உண்டு. அப்போது என்னிடம் இருந்த கன்ட்ரோலருக்குப் புது டிரைவர் வருமா என்று கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: எங்கள் புதிய மாடலைப் பாருங்கள். அந்தக் கன்ட்ரோலர் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இதோடு 'லைட்' என்றொரு கூத்து. "மென்பொருள் இலவசம்" என்று பெட்டியில் போட்டிருக்கும். வீட்டில் போய்த் திறந்தால் அது லைட் பதிப்பு. முக்கியமான வசதிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். முழுப் பதிப்புக்குத் தனிக் காசு, சிலவற்றில் மாதா மாதம். ஒரே கன்ட்ரோலர் ஒரு மென்பொருளில் முழு வசதியையும் திறந்துவிடும், இன்னொன்றில் லைட்டோடு நிறுத்திவிடும். எதில் எது என்பது சின்ன எழுத்தில் இருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தக் கன்ட்ரோலரைச் செருகினால் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு முழுதாகத் திறக்கும்? பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் கன்ட்ரோலர். இசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி என்ற மொழி 1983ல் வந்தது, இன்றும் பேசப்படுகிறது. குமிழைத் திருப்பினால் 0 முதல் 127 வரை ஒரு எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். உங்களுடையது டிரைவர் இல்லாமலே மிடி பேசும் வகையாக இருந்தால், அதாவது 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று போட்டிருந்தால், பிழைத்துவிடும். மிக்ஸ் என்று ஒரு இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. பெயரில் மூன்று எக்ஸ் வரும். கம்பெனிகள் கைவிட்ட பல கன்ட்ரோலர்களுக்குத் தன்னார்வலர்கள் அதில் அமைப்புக் கோப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நிறுவி, கன்ட்ரோலரைச் செருகி, ஒரு குமிழைத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் போதும். உள்ளே இருக்கும் சவுண்டு கார்டு வேலை செய்யாமல் போகலாம், வெளியே தனியாக ஒன்று இணைத்துக்கொள்ளலாம். எதற்குமே மசியவில்லை என்றால்தான் அலமாரி.

கே: அண்ணே, புது மெஷின் வாங்கக் காசில்லை. இருக்கிற கன்ட்ரோலரோடு, லேப்டாப்பைத் தொடாமல் வாசிக்கச் சின்னதாக ஏதாவது வாங்கலாமா?

ப: எதையும் வாங்காதீர்கள் தம்பி. முதலில் உங்கள் கன்ட்ரோலரின் நடுவில், மேலே இருக்கும் குமிழைப் பாருங்கள். பாட்டுப் பட்டியலை உருட்டுவதற்கு அது. பக்கத்தில் இரண்டு லோட் பட்டன். பாதிப் பேர் இதை வைத்துக்கொண்டு டச்பேடைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு 40 பாட்டுக்கு மேல் இல்லாத ஒரு பட்டியல் போட்டு, வேகம் ஏறுகிற வரிசையில் அடுக்கி, குமிழாலேயே உருட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு பாட்டிலும், அமுக்கும் சதுரங்களான பேட்களில், முதல் பேடில் தொடக்கம், நான்காவது பேடில் வெளியேறும் இடம் என்று ஒரே ஒழுங்கில் ஹாட் க்யூ, அதாவது அமுக்கியதும் அந்த இடத்துக்குத் தாவும் அடையாளம், வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு மாற்றினால் திரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. முதல் பேடின் ஓரத்தில் ஒரு சொட்டுப் பசையை வைத்துக் காயவிட்டேன். கடுகளவு மேடு. இருட்டில் விரல் அதைத் தொட்டதும் கை மீதியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளில் மேடு வைத்திருக்கிறார்களே, அதே தந்திரம்.

காசு சேர்ந்த பிறகு அலன் அண்ட் ஹீத்தின் எக்ஸோன் கே2 போன்ற சின்னக் குமிழ்ப் பலகையைப் பாருங்கள். நான்கு சேனல் சவுண்டு கார்டும் அதிலேயே இருக்கிறது. எந்தப் பட்டன் எதைச் செய்ய வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். அதற்கு ஒரு வார இறுதி போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கே: பெரிய கொள்ளளவு பென்டிரைவ் பாதி விலைக்குக் கிடைத்தது. மொத்தத் தொகுப்பையும் ஏற்றினேன், கோப்பெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. மேடையில் ஒரு பாட்டு பாதியில் நின்றது, அடுத்ததும் நின்றது. கூட்டம் கூச்சல் போட, லைட்காரர்தான் மைக்கை வாங்கிச் சமாளித்தார். என்ன நடந்தது?

ப: உங்களுக்குப் போலி பென்டிரைவை விற்றிருக்கிறார்கள். அந்த மேடையில் நின்ற நிலையை நினைத்தால் எனக்கே வயிறு கலங்குகிறது.

போலியில் உள்ளே இருப்பது சின்ன சிப். ஆனால், "நான் பெரியவன்" என்று கணினியிடம் பொய் சொல்ல அதைப் பழக்கியிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு நீங்கள் ஏற்றுவது பழையதன் மேல் விழும், அல்லது எங்கேயும் விழாது. பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காகத் தெரியும். அதனால்தான் வீட்டில் தெரியவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி, டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். பல மணி நேரம் ஆகும். புதிதாக வாங்கும் எந்த டிரைவையும் அதில் ஓட்டாமல் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது காட்டும் முடிவைப் படம் எடுத்து வைத்தால், பணத்தைத் திரும்பக் கேட்கச் சாட்சியும் ஆயிற்று.

டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறையான ஃபார்மேட்டையும் பாருங்கள். விண்டோஸ் லேப்டாப் ஆசையாகக் கொடுக்கும் என்டிஎஃப்எஸ், கிளப்புகளில் இருக்கும் பயனியரின் சிடிஜே மெஷின்களில் செல்லாது. பழைய மெஷின்களுக்கு எஃப்ஏடி32தான் பத்திரம். பாட்டெல்லாம் ஃபிளாக், அதாவது தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு என்றால் இன்னொரு சிக்கல்: சிடிஜே-2000 நெக்ஸஸ் அதைப் படிக்காது, 2016ல் வந்த நெக்ஸஸ்2 படிக்கும். போகிற இடத்தில் எது இருக்கிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். பையில் எப்போதும் இரண்டு டிரைவ், இரண்டிலும் அதே பாட்டு.

கே: பாட்டே வாங்காமல் ஸ்ட்ரீமிங்கில் ஓட்டலாமே?

ப: இணையம் நின்றால் என்ன செய்வீர்கள்? ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் டிஜே மென்பொருள்களுக்குள் பாடுவதை நிறுத்தியது, அதை நம்பிப் பட்டியல் போட்டிருந்தவர்கள் சில வருடம் வெறுங்கையோடு நின்றார்கள். வீட்டில் கேட்டுப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க ஸ்ட்ரீமிங் நல்லது. மேடைக்குக் கோப்பாக வாங்குங்கள்.

கே: இரண்டாம் கை கன்ட்ரோலர் பார்க்கப் போகிறேன். பத்து நிமிடம்தான் தருவார்களாம். எதைப் பார்ப்பது?

ப: பத்து நிமிடம் தாராளம். ஒரு பக்கப் பாட்டிலிருந்து மறுபக்கப் பாட்டுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மறுபக்கப் பாட்டைச் சத்தமாக வையுங்கள். துளி கசிந்தாலும் ஃபேடர் போய்விட்டது என்று அர்த்தம், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை மெதுவாக ஓட்டி, திரையில் எண் குதிக்காமல் ஏறுகிறதா பாருங்கள். பேட் எல்லாவற்றையும் ஒருமுறை அமுக்குங்கள், ஓரத்திலும் அமுக்குங்கள். பாட்டு ஓடும்போதே யுஎஸ்பி கேபிளின் தலையை லேசாக ஆட்டுங்கள். ஆட்டினால் துண்டித்துக்கொள்கிறதென்றால், எழுந்து வந்துவிடுங்கள். பேரமே வேண்டாம்.

அடாப்டர் பெட்டியில் வந்ததுதானா என்று கேளுங்கள். இது என் சொந்தக் கதை. பழைய மிக்ஸர் ஒன்று வாங்கினேன், அடாப்டர் இல்லை. வீட்டில் கிடந்ததில் 12 வோல்ட் ஒன்று அச்சாகப் பொருந்தியது. வோல்ட் சரி, முனை சரி. நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று பின்பக்கம் ஒரு சின்னப் படம் போட்டிருக்கும், அதைப் பார்க்கவில்லை. செருகினேன். சத்தம் எதுவும் இல்லை. எரிந்த பிளாஸ்டிக் வாசம் மட்டும் திரைச்சீலையில் இரண்டு நாள் இருந்தது.

கே: உங்கள் பேச்சைக் கேட்டு லேப்டாப்பை மூடி வைத்து வாசித்தேன். மூடியைச் சாத்தியதும் பாட்டே நின்றுவிட்டது!

ப: மூடச் சொன்னது எப்போது? முறைக்காதீர்கள் என்றுதான் எழுதினேன். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கப் போய்விடும். அந்த அமைப்பை மாற்றலாம்தான், ஆனால் மூடிய லேப்டாப்பில் சூடு தங்கும், நடு நிகழ்ச்சியில் திணறும். திறந்தே இருக்கட்டும். வெளிச்சத்தைக் குறைத்து, பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். அடுத்த முறை வீட்டில் சோதித்துவிட்டு மேடைக்குப் போங்கள்.